கிளிப் வேண்டாம் என்று சொன்னவள்

இதை யாரிடமும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீ வளர்ந்து ஆளாகி, மீசை முளைத்து, என்னை எதிர்த்துப் பேசுகிற வயதில் இந்த நோட்டு உன் கையில் கிடைத்தால், தனியாக ஓரிடத்தில் உட்கார்ந்து வாசி. உன் அப்பா யாராக இருந்தாலும் அவரிடம் காட்டாதே. உன் தாத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், காட்டவே காட்டாதே. வாசித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. எனக்கு இப்போது பதினாறு வயது. நீ இன்னும் பிறக்கவில்லை, பிறப்பாயா என்பதும் தெரியாது. இருக்கிறவர்கள் ஒருவரிடமும் சொல்ல முடியாததால், இன்னும் இல்லாத உன்னிடம் சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் தமிழ் டீச்சர் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஒரு தாய் எழுதும் கடிதம். நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதினோம். நலம், நலமறிய ஆவல், வேளைக்குச் சாப்பிடு, கெட்ட சகவாசம் வேண்டாம், பெரியோரை மதி. எனக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சர், “எழுத்து அழகாயிருக்கு. ஆனா இந்த அம்மா வாழ்க்கையில ஒரு தப்பும் செய்யாதவ போலிருக்கே” என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கடிதத்துக்கு அடுத்த பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா தூங்குகிறாளா, கண்ணை மூடிக் கிடக்கிறாளா என்று தெரியவில்லை. அப்பா முன்பக்கப் பட்டாசலில் புரண்டு புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. நான் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு, அம்மா கம்பெனியிலிருந்து மடித்துக் கொடுக்க வாங்கி வந்த பேண்டேஜ் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் அப்பாவின் ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் நாங்கள் இருக்கிற இரண்டு அறை வீடு. அப்பா அம்பாசடரைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டுவார். தமிழ் வாசிப்பார். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தவை ஸ்பேனர் அளவுகளும், ஆயில் டின்களின் பெயர்களும்தான். என்னை ஆறாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார். பத்தாவது முடித்ததும் அம்மா, “போதும், எங்கூட பேண்டேஜ் மடிக்கட்டும். எம்புட்டுப் படிச்சாலும் கரண்டி பிடிக்கத்தான போறா” என்றாள். அப்பா கேட்கவில்லை. “எங்க பிள்ளை இங்கிலீஷ் புஸ்தகத்தைத் தமிழ்ப் பேப்பர் மாதிரி வாசிக்கும். அவ எனக்கு ஒரு கை” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போனேன். இதை நீ ஞாபகத்தில் வைத்துக்கொள். நான் செய்ததற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அங்கேதான் தொடங்குகிறது.

உண்மையில் எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது. மனப்பாடம் செய்யத் தெரியும். பாடத்தில் இருக்கிற கேள்விக்குப் பாடத்தில் இருக்கிற பதிலைக் கமா தவறாமல் எழுதுவேன். பாடத்தில் இல்லாத ஒரு தாளைக் கொடுத்தால் பாதி புரியும், மீதியை நானாக நிரப்பிக்கொள்வேன். அப்பா வண்டி விட வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்ததால், ஆட்கள் தபால்களையும் மருந்துச் சீட்டுகளையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். மகாராஜபுரத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஒருமுறை பென்ஷன் ஆபீஸ் தபாலுடன் வந்தார். அதில் கடைசி மூன்று வரி எனக்கு விளங்கவில்லை. அப்பா பெருமையோடு பக்கத்தில் நின்றார். “அவ்வளவுதான் தாத்தா, நல்லா இருங்கன்னு முடிச்சிருக்காங்க” என்றேன். அவர் ஒரு பை கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து வந்தார். உயிரோடு இருப்பதற்குச் சான்று அனுப்பச் சொல்லி அந்த மூன்று வரியில்தான் இருந்ததாம், பென்ஷன் நின்றுபோய்விட்டதாம். “அன்னைக்கு வாசிக்கையில அது இல்லையா தாயி?” என்று கேட்டார், கோபமே இல்லாமல். “அது வேற தபால்ல வந்திருக்கும் தாத்தா” என்றேன். அப்பா உடனே, “எம்பிள்ளை வாசிச்சா தப்பா இருக்காதுங்கய்யா. ஆபீஸ்காரன் பண்ண வேலை” என்றார். அந்தப் பொய் அவ்வளவு எளிதாகத் தப்பித்துக்கொண்டது. அன்றே ஓர் அடி விழுந்திருந்தால் நான் இன்று இந்தத் துணிக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அடிக்காதது அப்பாவின் தப்பு இல்லை.

அப்பா அப்படிப் பொய் சொல்கிறவர் இல்லை. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு டாக்டர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார். ஏதோ புது மாதிரி. அப்பா ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, நான்கு பேர் இருக்கும்போதே, “எனக்கு இது பிடிபடல சார். மதுரைக்குக் கொண்டுபோயிருங்க. நான் கை வச்சா கெடுத்துருவேன்” என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் எதற்கு இவர் தெரியாது என்று சொல்கிறார் என்று இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மகனே, உனக்கு ஒரு புத்திதான் என்னால் சொல்ல முடியும், அதுவும் எனக்கு மூன்று நாளாகத்தான் தெரியும். ஒருவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்லும்போது அவரைக் குறைவாகப் பார்க்காதே. அப்படிப் பார்க்கிறவர்கள்தான் பிறகு அதைச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

இனி காரைச் சொல்ல வேண்டும். ஒரு மில் முதலாளியின் மச்சினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கார் அது. டர்போ வைத்த கார். அப்படியொன்றை அப்பாவும் அதற்கு முன் தொட்டதில்லை. அதை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. செட்டியார்பட்டியில் வீடு. அத்தையும் அவரும் மட்டும்தான். மாமா வந்தால் எங்கள் வீட்டில் சத்தம் வரும். என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவர்தான், முழுப் பரீட்சை அன்று நான் பயந்து அழுதபோது, “ஃபெயிலானா என்ன மருமகளே, நானும் மூணு தடவை ஃபெயிலாகித்தான் டிரைவராயிருக்கேன். பெரிய படிப்பு இது” என்று சிரிக்க வைத்ததும் அவர்தான்.

அந்தக் காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உள்ளே புறாக்கள் படபடக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேட்டில் ஏறவும் முடியவில்லை. மாமா ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “மச்சான், இதுக்கு இழுப்பு வந்துருச்சு. கண்டங்கத்திரிக் கசாயம் வச்சுக் குடுங்க” என்றார். அப்பா இரண்டு நாள் பார்த்தார். டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு விசிறி. ஓட்டுகிறவர் திடீரென்று காலை எடுத்தால் திணித்த காற்று போக வழியில்லாமல் விசிறியின் மேலேயே திருப்பி மோதும். அப்போது ஒரு சின்னக் கதவு திறந்து அந்தக் காற்றை வந்த வழிக்கே சுற்றி அனுப்பிவிட வேண்டும். அதுதான் பைபாஸ் வால்வு. அதன் உள்ளே இருக்கிற ரப்பர் தோல் கிழிந்திருந்தது. அப்பா அதைக் கண்டுபிடித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோது அவர் முகம் பார்க்க நன்றாக இருந்தது. புது வால்வு இங்கே கிடைக்காது. முதலாளியின் மச்சினர் ஊருக்கு எழுதி, யாரோ வருகிறவர் கையில் ஒன்றரை மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அட்டைப் பெட்டிக்குள் வால்வு, ஒரு பிளாஸ்டிக் உறையில் கிளிப்புகள், நான்காக மடித்த ஒரு சிறு புத்தகம்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் மில் மேனேஜர். அவர் நிற்கும்போதே மாட்டிவிடச் சொன்னார். அப்பா நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல் காத்திருந்தார். நான் புத்தகப் பையை இறக்கி வைத்ததும், “வா தாயி, இதை வாசிச்சுச் சொல்லு” என்றார். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது டெக்னிக்கல் இங்கிலீஷாச்சே, பாப்பாவுக்குப் புரியுமா?” என்றார். மாமா, “சார், எங்க மருமக வாசிச்சா கார் அதுவா எந்திரிச்சு மாட்டிக்கிடும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் மூன்று பக்கம் படங்கள் இருந்ததால் நன்றாகவே சொன்னேன். எந்த வாய் டர்போ பக்கம், எந்த வாய் காற்று வடிகட்டி பக்கம், எது மேலே எது கீழே, பெரிய குழாய்க் கிளிப்பை எவ்வளவு முறுக்க வேண்டும். அப்பா நான் சொல்லச் சொல்ல மாட்டினார். மேனேஜர் தலையை ஆட்டினார். அப்புறம் வால்வின் தலையில் மாட்டுகிற விரல் பருமன்கூட இல்லாத ஒரு சின்னக் குழாய். அதன் மறுமுனை என்ஜினில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூக்கு, கழற்றும்போதே ஒடிந்துவிட்டிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பக்கத்தில் பிரேக்குக்குப் போகிற குழாயை வெட்டி நடுவில் ஒரு மூன்று வழி இணைப்பைப் போட்டு, சின்னக் குழாயை அதில் சொருகினார். காரின் பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிப்பதற்கு உதவுகிற ஒரு டப்பா இருக்கிறது. அதுவும் என்ஜின் காற்றை உறிஞ்சுகிற அதே இழுப்பில்தான் வேலை செய்கிறது. “இழுப்பு எங்கேயிருந்து எடுத்தா என்ன, ஒண்ணுதான்” என்றார் அப்பா. அவர் அறிந்த வண்டிகளில் அது சரிதான். பிறகு பிளாஸ்டிக் உறையைத் தட்டினார். மோதிரம் மாதிரி இரண்டு சின்னக் கிளிப் மிச்சம் விழுந்தன. அவற்றை விரலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “இந்த ரெண்டு பொடிக் கிளிப்பும் எதுக்காம்? சின்னக் குழாய்க்குப் போடச் சொல்லிருக்கானா பாரு தாயி. இழுக்குற குழாய்க்கு எதுக்குக் கிளிப்பு? அதுவே கவ்விக்கிடுமே.”

நான்காம் பக்கத்தில் படம் இல்லை. கறுப்புக் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஏழு வரி இருந்தது. நான் முதல் வரியை வாசித்தேன். தெரியாத வார்த்தைகள். இரண்டாம் வரியிலும் அப்படியே. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமா சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைத் திருப்பி, “இல்லப்பா. ஒண்ணும் போடலை. அது உபரியா வச்சிருக்கான்” என்றேன். இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வாய் எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. அப்பா அந்த இரண்டு கிளிப்பையும் என் கையில் கொடுத்து, “பத்திரமா வை” என்றார். அவை என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. வகுப்பில் காம்பஸ் எடுக்கும்போதெல்லாம் கிலுங்கும்.

கார் அருமையாக ஓடியது. மாமா ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்பி வந்து, “மச்சான், வண்டி பறக்கு” என்றார். மேனேஜர் அப்பாவின் கையைக் குலுக்கினார். அப்பா அன்று அம்மாவிடம், “பாத்தியா, யாரு வாசிச்சது?” என்று கேட்டார். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை, முதலாளியின் வீட்டு அம்மாவை மாமா ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ரயில்வே கேட். மூடியிருந்தது. முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளில் கேனோடு காலை ஊன்றி நின்றிருந்தார். மாமா பிரேக்கை மிதித்தார். மிதி கல்லாக இறுகிப்போயிருந்தது. எழுந்து நின்று மிதிக்காத குறையாக மிதித்திருக்கிறார். கார் வேகம் குறைந்துதான் போய் மோதியது, ஆனாலும் பால்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பின் சீட்டில் இருந்த முதலாளி வீட்டு அம்மாவுக்கு நெற்றியில் அடி. போலீஸ் மாமாவைப் பிடித்துக்கொண்டு போய், ராத்திரி ஜாமீனில் விட்டது. முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். “சந்தை முக்குல மிதிச்சப்ப பிடிச்சது சார், பாலத்துக்கிட்ட மிதிச்சப்பவும் பிடிச்சது, கேட்டுலதான் பிடிக்கல” என்று மாமா சொன்னாராம். வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி, “ரெண்டு தடவை பிடிச்ச பிரேக் மூணாவது தடவை மட்டும் லீவு போட்டுட்டுப் போயிருச்சாக்கும். தூங்கிட்டேன்னு சொல்லு” என்றாராம். பிரேக் ஆயில் சரியாக இருந்தது. சக்கரத்தில் பிரேக் கட்டைகள் புதிதாக இருந்தன. குறை ஒன்றும் இல்லை.

காரை இழுத்து வந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பில்தான் விட்டார்கள். நான் அப்பாவுக்குக் காப்பி கொண்டு போனேன். அவர் பானெட்டைத் தூக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்தச் சின்னக் குழாய் மூன்று வழி இணைப்பிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். “இடிச்ச அதிர்ச்சியில கழண்டிருக்கு” என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லி, கட்டைவிரலால் அதைத் திரும்பச் சொருகினார். நான் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். ஏதோ தப்பு என்று எனக்குத் தோன்றியது, ஆனால் என்ன என்று தெரியவில்லை. அன்றைக்கு இரவே அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தின் ஏழு வரியையும் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன்.

அதில் இருந்தது இதுதான். இந்தச் சின்னக் குழாயில் இழுப்பும் வரும், அழுத்தமும் வரும். என்ஜின் நிதானமாக ஓடும்போது உள்ளே இழுக்கும். டர்போ வேகம் பிடிக்கும்போது வெளியே தள்ளும். அதனால் இரண்டு முனையிலும் கிளிப் கட்டாயம். பிரேக்குக்குப் போகிற குழாயிலிருந்து இதற்கு இணைப்பு எடுக்கவே கூடாது; குழாய் கழன்றால் பிரேக்குக்கு உதவி நின்றுபோகும், டப்பாவில் மிச்சம் இருக்கிற இழுப்பில் ஓரிரு முறை பிடித்துவிட்டு மிதி இறுகிவிடும். சந்தை முக்கு ஒன்று, பாலம் இரண்டு. அதன் பிறகு கேட். மாமா சொன்னது ஒவ்வொன்றும் அந்தக் கட்டத்துக்குள் அச்சடித்து இருந்தது. நான்காம் பக்கத்தில். நான் திருப்பிவிட்ட பக்கத்தில்.

மூன்று நாள் ஆகிறது. ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நான் முயன்றேன். மறுநாள் காலையில் அம்மாவிடம், “அம்மா, அந்த வால்வு மாட்டினோம்ல” என்று தொடங்கினேன். “அந்தப் பேச்சை எடுக்காதட்டி” என்றாள். “ஒரு பக்கம் எந்தம்பி, ஒரு பக்கம் உங்கப்பா. நான் யார் பக்கம் நிக்க? நீ வேற வாயைத் திறக்காத.” அவள் கண் வீங்கியிருந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் பால்காரரைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டுக்காரி எங்களைத் திட்டவில்லை. “டிரைவர் நல்ல மனுசர்தான்மா, அவரே இறங்கி இவியளைத் தூக்கிட்டு வந்தாரு. ஆனா கண் அசந்துட்டாரே” என்றாள். அசரவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. அவர் கால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே அந்தப் பால் கேன் நசுங்கிக் கிடந்தது. யாரோ அதைக் கழுவிக்கூட வைத்திருந்தார்கள். நான் வெளியே போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன்.

பயம் இப்படி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் அப்பாவின் ஒர்க்‌ஷாப் போகும். தப்பான இடத்தில் குழாயைச் சொருகியதும் அவர் கை, கழன்றதை யாரும் பார்க்காமல் திரும்ப மாட்டியதும் அவர் கை. போலீஸ் அவரைச் சும்மா விடுமா? என் படிப்பு போகும், அதுகூடப் பரவாயில்லை என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது; முதல் இரண்டு நாள் அப்படித் தோன்றவில்லை, அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். முதல் இரண்டு நாள் நான் நினைத்ததெல்லாம் பேண்டேஜ் கம்பெனியைத்தான். சொல்லாவிட்டால் மாமாவின் லைசென்ஸ் போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. நாளை பத்து மணிக்கு அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குப் போய், வண்டியில் குறை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாளை என்றா எழுதினேன், இல்லை, இன்றைக்கு. கோழி கூவிவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. அத்தை உட்காரவே இல்லை. “அண்ணே, ஏதாச்சும் கோளாறு இருந்திருக்கலாம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கண்ணே. உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?” என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “எங்கையால மாட்டின வண்டிம்மா. இல்லாத கோளாறை இருந்துச்சுன்னு நான் எப்படி எழுத? முழுக்கக் கழட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல” என்றார். “அந்தச் சின்னக் குழாய் கழண்டுதான கிடந்துச்சு?” என்று மாமா மெதுவாகக் கேட்டார். கேட்டில் மோதியபின் அவரும் பானெட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அப்பா சட்டென்று நிமிர்ந்து, “அது மோதினதுல கழண்டது மாப்ள. இழுக்குற குழாய் தானா எப்படிக் கழலும்? கிளிப்பே வேண்டாம்னு புஸ்தகத்திலயே போட்டிருக்கு. இவதான வாசிச்சா. கேளு” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் வெளிச்சம் இருந்தது, மாமா இருந்தார், அப்பா இருந்தார், ஒரு கேள்வியும் கேட்டாயிற்று. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியாது. மாமா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். “சரி, விடுங்க. பிள்ளை வாசிச்சா சரியாத்தான் இருக்கும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மருமகளே. ராப்பகலா யோசிக்கேன். நான் பிரேக்கை மிதிச்சேனா, இல்ல பயத்துல கிளச்சை மிதிச்சேனா? எல்லாரும் சொல்லச் சொல்ல, கண்ணு ஒரு செத்த நேரம் சொருகின மாதிரியும் இருக்கு” என்றார். அத்தை, “என்ன பேச்சு பேசுதிய” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவள் கையை எடுத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “மச்சான், நம்மளால உங்க பேரும் கெட வேண்டாம். விடியக் காலம்பற வாரேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். நான் அசந்துட்டேன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுறேன். கோர்ட்டுல அபராதமோ உள்ளயோ, பாத்துக்கிடலாம். பொறவு தளவாய்புரத்துல தறிக்குப் போறேன்.” அப்பா கலங்கித்தான் போனார், ஆனால் நிம்மதியும் பட்டார். அதை நான் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்ததை உன்னிடம் எழுதுவதற்கே எனக்குக் கை கூசுகிறது.

இருபது வருடம் வண்டி ஓட்டிய மனிதர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அவர் கால் சரியான இடத்தில்தான் மிதித்தது என்பது உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அவருக்கே தெரியாது. அவருடைய காலை அவரே நம்பாதபடி நான் செய்துவிட்டேன். லைசென்ஸ், வேலை, கோர்ட்டு எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெளியே வந்த பிறகும் ஆயுள் முழுக்க அவர் அந்த கேட்டில் நின்று கிளச்சா பிரேக்கா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார்.

மகனே, ஒரு தாய் தன் பிள்ளைக்கு எழுதும்போது முடிவில் ஏதாவது வழி சொல்ல வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை. அப்பாவைக் காப்பாற்றினால் மாமா போகிறார், மாமாவைக் காப்பாற்றினால் அப்பா போகிறார். இரண்டு பேரும் நான் வாசித்ததை நம்பினார்கள், அது மட்டும்தான் அவர்கள் செய்த குற்றம். அப்பாவை எழுப்பி இப்போதே சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். ஒருமுறை அவர் பாய் வரைக்கும் போனேன். அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். “என்ன தாயி, தண்ணி வேணுமா?” என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் எழுந்து போய்ப் பானையில் மொண்டு கொடுத்தார். நான் நின்றபடியே முழு டம்ளரையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்படித்தான் இருக்கிறது என் துணிச்சல்.

வீட்டில் வெளிச்சம் வரத் தொடங்கிவிட்டது. ஓடுகளின் இடுக்கு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. முதல் பஸ் தென்காசிப் பக்கம் போய்விட்டது. செட்டியார்பட்டியிலிருந்து சைக்கிளில் வந்தால் அரை மணி நேரம். நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்க்கிறேன். அப்பா, அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. இவ்வளவுதான். ஆறு வார்த்தைகூட இல்லை. எழுதும்போது வருகிறது. மாமா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை யாராவது ஒருவர் காதில்

கதவு தட்டுகிறார்கள். “யக்கா” என்கிறார். மாமாதான். அம்மா எழுந்துவிட்டாள், அப்பா சட்டையைத் தேடுகிறார். சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. எழுந்து நின்றால்தான் தெரியும். அம்மா தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள், நான்